ஜெர்மனியில் நர்ஸ் வேலை: மொழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் நர்சிங் படித்தேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். இப்போது தென் ஜெர்மனியில், உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையின் முதியோர் வார்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து ஜூனியர்கள், அவர்களுடைய அப்பா அம்மா, சில சமயம் மாமியார்கூட வாட்ஸ்அப்பில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஆளாளுக்குக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். சம்பளம், வீட்டு வாடகை, குளிர் எல்லாம் இதில் இல்லை. மொழி மட்டும்.

அக்கா, எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அது போதாதா?

நர்ஸ் வேலைக்குப் போதாது. பெர்லினில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் உட்கார்ந்து இங்கிலீஷிலேயே காலத்தை ஓட்டுகிற நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஐ.டி. வேலைக்கு வருகிறவர்களில் பலருக்கு விசாவுக்கே ஜெர்மன் கேட்பதில்லை. கட்டிலில் படுத்திருக்கும் 86 வயது அம்மாவிடம் அந்தக் கதை நடக்காது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கிலீஷ்தான் உங்கள் பலம் என்றால் பிரிட்டனைப் பாருங்கள். அங்கே ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 கேட்கிறார்கள். அல்லது மருத்துவத் துறைக்கென்றே இருக்கும் ஓஇடி தேர்வில் பி கிரேடு, எழுதுதலில் மட்டும் சி பிளஸ் இருந்தால் போதும். ஏற்கெனவே தெரிந்த மொழியை மெருகேற்றுவது ஒரு வேலை, புது மொழியை அரிச்சுவடியிலிருந்து படிப்பது வேறு வேலை. எது உங்களுக்குத் தோது என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

ஏ1, பி2 என்கிறார்களே, அதெல்லாம் என்ன? எனக்கு எது வேண்டும்?

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோல் அது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ1 என்றால் பேர், ஊர், கடையில் தக்காளி விலை. ஏ2-வில் அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கலாம். பி1 வந்தால் நடந்ததை ஒரு கதையாகச் சொல்ல முடியும். பி2 வந்தால் எதிரில் இருப்பவர் உங்களுக்காக வேகத்தைக் குறைக்காமலே பேசலாம் என்று கணக்கு. கணக்கு மட்டும்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் வாங்க, பெரும்பாலான மாநிலங்களில் பி2 வேண்டும். சில வழிகளில் பி1 சான்றிதழோடு இங்கே வந்து, மீதியை வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். அங்கீகாரம் கைக்கு வரும்வரை உங்களை முழு நர்ஸாக நடத்த மாட்டார்கள், உதவியாளர் பதவியும் உதவியாளர் சம்பளமும்தான். என்னோடு வந்த இரண்டு பேர் பி1-இல் வந்தார்கள். காலையில் ஷிஃப்ட், மாலையில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை அழுகை. ஊரிலேயே பி2 முடித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் கட்சி.

எவ்வளவு நாள் ஆகும்? மூன்று மாதத்தில் பி2 என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்.

நானும் பார்த்தேன். ஒரு கணக்குப் போடுவோம். பி2 வரை போக 600 முதல் 800 பாடவேளைகள் ஆகும் என்று, ஜெர்மன் சொல்லித் தந்து தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம் சொல்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். அப்படியென்றால் 450 முதல் 600 மணி நேரம். அதை 90 நாளில் அடைக்க வேண்டுமானால் ஞாயிறு, பொங்கல், காய்ச்சல் எதுவும் பார்க்காமல் தினம் ஐந்து முதல் ஆறே முக்கால் மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். வீட்டுப்பாடம் தனி. விளம்பரம் போட்டவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தால் ஒன்பது, பத்து மாதத்தில் முடிக்கலாம். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படித்தால் ஒன்றரை வருடம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதினாறு மாதம் ஆனது, அதில் பி2-வில் ஒரு பகுதியில் ஒரு தடவை ஃபெயில்.

எங்கே படிப்பது?

சென்னையில் நுங்கம்பாக்கத்தில் கோதே நிறுவனம் இருக்கிறது. இந்தியாவில் அதற்கு மேக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். கோவையில் கோதே மையம் இருக்கிறது. நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையைத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செய்கிறது, அதன் அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள். மற்றபடி தெருவுக்குத் தெரு தனியார் வகுப்புகள் முளைத்துவிட்டன. அதில் நல்லதும் உண்டு.

சேரும் முன் ஒரு மணி நேரம் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். வாத்தியார் தமிழில் இலக்கணம் விளக்க, பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைகள் தப்பும் தவறுமாக ஜெர்மனில் கத்திக்கொண்டிருந்தால் பணத்தைக் கட்டுங்கள்.

எந்தச் சான்றிதழை ஏற்பார்கள்?

கோதே, டெல்க், ஓஎஸ்டி. தேர்வு நடத்தும் இந்த மூன்று அமைப்புகளின் சான்றிதழும் பரவலாகச் செல்லும். வகுப்பு நடத்துகிறவர் தன் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுக்கும் "பி2 முடித்தார்" காகிதம் எங்கும் செல்லாது.

கோதே பி1, பி2 தேர்வுகள் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், அது பெரிய ஆறுதல். டெல்க் அமைப்பு நர்ஸ்களுக்கென்றே பி1-பி2 தேர்வு ஒன்று வைத்திருக்கிறது. அதில் கேள்விகள் வார்டைச் சுற்றியே வரும்.

கோதே சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் ரொம்பப் பழையது என்றால் அலுவலகங்களும் முதலாளிகளும் முகம் சுளிப்பார்கள். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கல்யாணம், பிரசவம் எல்லாம் முடித்து மூன்று வருடம் கழித்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் மொழியும் பாதி போயிருக்கும்.

தேர்வில் எது கஷ்டம்?

நம் ஆட்களுக்குக் கேட்டலும் பேசுதலும். சில பகுதிகளை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கவிடுவார்கள். எழுதுதலை மனப்பாடம் பண்ணி ஓரளவு தேற்றிவிடலாம், நாம்தான் அதில் கில்லாடிகள் ஆயிற்றே. பேசும்போது எதிரில் இன்னொரு ஆள் இருப்பார். அவர் குறுக்கே கேள்வி கேட்டதும் மனப்பாடம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜெர்மன் ரொம்பக் கடினமா?

இலக்கணத்தில் நமக்கு ஒரு ரகசிய வசதி இருக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை. "எனக்கு இன்று நைட் டியூட்டி இருப்பதால்" என்று நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம். ஜெர்மனில் "வைல்" (ஏனென்றால்) என்று தொடங்கும் துணை வாக்கியத்திலும் வினை கடைசிக்குத்தான் போகும். இங்கிலீஷ் வழியாக யோசித்தால் இது தலைகீழாகத் தெரியும். தமிழ் வழியாக யோசித்தால் நம் வீட்டுச் சமாச்சாரம். வேற்றுமையும் அப்படித்தான். அக்குசாட்டிவ், டாட்டிவ் என்று வாத்தியார் பயமுறுத்துவார். "மாத்திரையை", "நோயாளிக்கு" என்று நாம் போடுகிற ஐ-யும் கு-வும்தான் அது. ஏழாம் வகுப்புத் தமிழ் அய்யாவை மனதில் நினைத்துக்கொண்டு உட்காருங்கள்.

டெர், டீ, டாஸ் என்கிற மூன்று பால்தான் தலைவலி. நமக்கு ஆண்பால், பெண்பால் எல்லாம் உயர்திணைக்கு மட்டும். அங்கே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. "சிறுமி" என்ற சொல்லே பெண்பால் இல்லை! காரணம் தேடாதீர்கள், சொல்லோடு சேர்த்து மனப்பாடம் பண்ணுங்கள்.

உச்சரிப்பில் நாம் மாட்டுகிற இடங்கள் வேறு. முதலாவது, சொல்லின் கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். "பெட்" என்று நிறுத்த வேண்டியதை "பெட்டு" என்போம். இரண்டாவது, நம் எழுத்தில் ப ஒன்றுதான், ட ஒன்றுதான், க ஒன்றுதான். ஜெர்மனில் நன்றி சொல்வதற்கு ஒரு வினை, வண்டிக்கு எண்ணெய் போடுவதற்கு ஒரு வினை. வித்தியாசம் முதல் எழுத்தின் அழுத்தத்தில் மட்டும். தமிழில் எழுதினால் இரண்டும் "டாங்கன்"தான். பிரச்சினை புரிகிறதா? அப்புறம் மேலே இரண்டு புள்ளி வைத்த உ, ஓ. நாக்கை "ஈ" என்று வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் "ஊ" என்று குவியுங்கள், முதலாவது வந்துவிடும். "ஏ" என்று வைத்து "ஓ" என்று குவித்தால் இரண்டாவது. கண்ணாடி முன்னால் பழகுங்கள், வீட்டில் சிரிப்பார்கள்.

பி2 வாங்கிவிட்டால் வார்டில் எல்லாம் புரியுமா?

புரியாது. எனக்கு முதல் வாரம் ஊர் மாறி இறங்கிவிட்டோமோ என்றே தோன்றியது. வகுப்பில் கேட்டது வானொலிச் செய்தி வாசிக்கிற ஜெர்மன். நான் இருக்கும் இந்தப் பகுதிக்கு ஸ்வாபியா என்று பெயர். இங்கே பேசுவது ஸ்வாபிய வட்டார வழக்கு. சென்னையில் செய்தித்தாள் வைத்துத் தமிழ் படித்த வெள்ளைக்காரர் ஒருவரை நேராக நாகர்கோவில் சந்தையில் இறக்கிவிட்டது போல.

ஒரு உதாரணம். பாடப்புத்தகத்தில் "ஃபூஸ்" என்றால் பாதம். "பைன்" என்றால் கால். ஸ்வாபியாவில் இடுப்புக்குக் கீழே எல்லாமே ஃபூஸ்தான். அதே மாதிரி "ஹேபன்" என்றால் புத்தகத்தில் தூக்குவது, இங்கே பிடித்துக்கொள்வது. ஒரு நாள் தொடையில் கட்டு மாற்றும்போது சீனியர் என்னிடம் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் பாதத்தைப் பிடித்து மேலே தூக்கினேன். அந்தத் தாத்தா போட்ட சத்தம் பக்கத்து வார்டுக்குக் கேட்டது. இத்தனைக்கும் தமிழிலும் நாம் முழுசுக்கும் "கால்" என்றுதானே சொல்கிறோம்! பி2 படித்த தலைக்கு அது அந்த நேரத்தில் உதவவில்லை.

இன்னொன்று, "தெப்பிஷ்". புத்தகப்படி தரைக்கம்பளம். குளிருகிறது, தெப்பிஷ் கொடு என்று ஒரு பாட்டி கேட்டபோது நான் தரையைத்தான் பார்த்தேன். இங்கே அது போர்த்திக்கொள்ளும் கம்பளி.

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் அந்த வட்டார வழக்கில் யூடியூபில் நாலு காணொளி பாருங்கள். பவேரியா, சாக்சனி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மருத்துவச் சொற்களை எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டுமா?

டாக்டர் பேசுவது சுலபம். நோயாளி பேசுவதுதான் கஷ்டம். டாக்டர் "பாங்க்ரியாஸ்", "அப்பெண்டிக்ஸ்" என்பார். நர்சிங் படித்த நமக்கு லத்தீன் சொற்கள் ஏற்கெனவே பாதி தெரியும். நோயாளியோ கணையத்தை வயிற்றுக்குள் இருக்கும் எச்சில் சுரப்பி என்று பொருள் வருகிற ஒரு நீளச் சொல்லால் சொல்வார். குடல்வாலுக்கு அவர் சொல் "குருட்டுக் குடல்". மஞ்சள் காமாலைக்கு அவர்களும் மஞ்சளை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது சர்க்கரை. வயதானவர்கள் "எனக்கு ட்ஸுக்கர் இருக்கு" என்பார்கள். ட்ஸுக்கர் என்றால் சீனி. நம் ஊர்ப் பாட்டி சொல்வது போலவே.

வலியை விவரிக்கும் சொற்களைத் தனியாக ஒரு பக்கம் எழுதிவையுங்கள்: குத்துகிறது, எரிகிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மந்தமாக இருக்கிறது. கழிவறை சம்பந்தமான சொற்களும் முக்கியம், வகுப்பில் வெட்கப்பட்டுத் தாண்டிவிடுவார்கள். மலம் கழிப்பதற்கான சொல்லில் "ஷ்டூல்" வரும், நாற்காலிக்கும் அதே சொல்தான். சிறுநீர் கழிப்பது "தண்ணீர் விடுவது". அப்புறம் "ஷ்விண்டல்" என்றால் தலைசுற்றல், மோசடிக்கும் அதே சொல். பேஷண்ட் மோசடி என்று புலம்புகிறாரே என்று பில்லைத் தேடாதீர்கள்.

வேறு எங்கே தப்பு வரும்?

எண்களில். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனில் முப்பத்தைந்தை "ஐந்தும் முப்பதும்" என்பார்கள். இரத்த அழுத்தம் 153 என்றால் "நூறு, மூன்றும் ஐம்பதும்". காதில் விழுகிற வரிசையில் எழுதினால் 135 ஆகிவிடும். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு எண்ணையும் நான் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணினேன். ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எழுத்திலும் பொறி இருக்கிறது. தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. 2,5 என்றால் இரண்டரை. ஆயிரத்தைப் பிரிக்கத்தான் புள்ளி, 1.000 என்றால் ஆயிரம். கையெழுத்தில் அவர்கள் போடுகிற 1, நம் கண்ணுக்கு 7 போலவே இருக்கும். அவர்களுடைய 7-க்கு நடுவில் ஒரு கோடு ஓடும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இன்னொரு வம்பு. "ஹால்ப் ஆக்ட்" என்றால் நேர்ப்பொருள் "அரை எட்டு". நாம் எட்டரை என்று நினைப்போம். அது ஏழரை! இங்கே தெற்கில் "கால் எட்டு" என்றால் ஏழேகால், "முக்கால் எட்டு" என்றால் ஏழே முக்கால். எட்டாவது மணியில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஷிஃப்ட் நேரத்தை எழுதி வாங்குங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பு எப்படி இருக்கும்?

அதற்கு "ஊபர்காபெ" என்று பெயர். இருபது சொச்சம் நோயாளிகள், முக்கால் மணி நேரத்துக்குள். முழு வாக்கியம் ஒன்றுகூட வராது, எல்லாம் சுருக்கம். ஆர்ஆர் என்றால் இரத்த அழுத்தம். 1896-இல் கையில் சுற்றும் பட்டையோடு அந்தக் கருவியைக் கொண்டுவந்த ரீவா-ரோச்சி என்ற இத்தாலிய டாக்டரின் பெயர்ச் சுருக்கம் அது. பிஇசட் என்றால் இரத்தச் சர்க்கரை. "ஓபி" என்று எழுதியிருந்தால் குறை ஒன்றும் இல்லை என்று பொருள். முதல் நாளே வார்டில் பழக்கத்தில் இருக்கும் சுருக்கங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே சொல் வார்டுக்கு வார்டு மாறும். படுக்கையில் வைக்கும் பேசினுக்கே நான் மூன்று பெயர் கேட்டிருக்கிறேன்.

எழுதுவது பேசுவதைவிடச் சீக்கிரம் பழகிவிடும். பதிவேட்டில் வருவது ஒரே மாதிரி ஐம்பது, அறுபது வாக்கியங்கள்தான்.

போன் எடுக்கப் பயமாக இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். முகம் தெரியாது, கை ஜாடை தெரியாது, லேபிலிருந்து பேசுகிறவருக்கு அவசரம். எனக்குப் போன் அடித்தால் குளியலறைக்குள் ஒளிந்துகொண்ட நாட்கள் உண்டு. அப்புறம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணினேன்: "நான் புதிது, மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொண்டு திரும்ப வாசிக்கிறேன்." அதோடு ஒளிவது நின்றது.

அங்கேயும் நீ, நீங்கள் உண்டா?

உண்டு. "டூ", "ஸீ". இங்கிலீஷ்காரர்கள் திணறுகிற இடம் இது, நமக்கு இரத்தத்திலேயே இருக்கிறது. நோயாளிகளிடம் எப்போதும் ஸீ. வார்டில் கூட வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் டூ, வயது பார்ப்பதில்லை. ஐம்பத்தெட்டு வயது சீனியரை முதல் நாளே பெயர் சொல்லி, நீ என்று கூப்பிடுவது எனக்கு நாக்கில் வரவே இல்லை. அவர் அதைத் தள்ளி நிற்பதாக எடுத்துக்கொண்டு வருத்தப்பட்டார்.

ஆனால் ஒன்று. நம் ஊரில் வயதான பேஷண்டைப் "பாட்டி", "தாத்தா" என்று கூப்பிட்டால் பாசம். இங்கே "ஓமா" என்று கூப்பிட்டால் மரியாதைக்குறைவு. குடும்பப் பெயருக்கு முன்னால் "ஃபிராவ்" (திருமதி) அல்லது "ஹெர்" (திரு) போட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

எந்தப் பேச்சு அதிகம் தேவைப்படும்?

குளிப்பாட்டும்போது பேசுவது. ஊரில் பேஷண்டைத் துடைப்பது, உடை மாற்றுவது எல்லாம் ஆயாம்மாவும் கூட இருக்கும் மகளும் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அது நர்ஸின் வேலை. பலர் இங்கே வந்து மனம் உடைவது இதில்தான், மொழியில் இல்லை. ஒருவரைத் தொடும் முன் சொல்ல வேண்டும்: இப்போது முதுகைக் கழுவுகிறேன், இந்தப் பக்கம் திரும்ப முடியுமா, தண்ணீர் சூடாக இருக்கிறதா. பேசாமல் தொட்டால் அவர்கள் உடல் அப்படியே விறைத்துவிடும். தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தந்த "சுற்றுச்சூழல் மாசுபாடு" கட்டுரையை நான் ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. "திரும்புங்கள்" என்பதைத் தினம் நாற்பது முறை சொல்கிறேன்.

ஒன்றும் புரியாதபோது என்ன செய்வது?

புரியவில்லை என்று சொல்வது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

நமக்கு இது வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸ் பாடிப் பழகியவர்கள் நாம். போதாக்குறைக்கு அந்தத் தலையாட்டல். நாம் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் சரி என்று பொருள். ஜெர்மன்காரருக்கு அது ஆமா, இல்லையா என்றே தெரியாது. இங்கே தலையை விட்டுவிட்டு வாயால் "யா" என்றோ "நைன்" என்றோ சொல்லுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது மாதம். காலையில் சீனியர் சொன்னார்: ஏழாம் அறை இன்று "நுஷ்டர்ன்" ஆக இருக்க வேண்டும். அந்தச் சொல்லை வகுப்பில் படித்திருந்தேன், குடிபோதையில் இல்லாத நிலை என்று. ஏழாம் அறைத் தாத்தா குடிப்பவராக இருக்கும் போல என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். எட்டு மணிக்கு அவருக்கு ரொட்டி, ஜாம், காபி. ஒன்பது மணிக்கு அவரை வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அழைத்துப்போக வந்தார்கள். வெறும் வயிறு என்பதற்கும் அதே சொல்தான். பரிசோதனை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. தாத்தா மட்டும் சந்தோஷமாக இருந்தார், காபி நன்றாக இருந்ததாம்.

திட்டு விழுந்தது. ஆனால் திட்டியது எனக்கு அந்தச் சொல் தெரியாததற்காக இல்லை. "தெரியாவிட்டால் ஏன் கேட்கவில்லை?" என்று மூன்று தடவை கேட்டார்கள். இங்கே கேட்கிற நர்ஸை நம்புகிறார்கள். கேட்காமல் சிரிக்கிற நர்ஸைப் பார்த்தால் பயப்படுகிறார்கள். "வீ பிட்டெ?" என்ற இரண்டு சொல், திரும்பச் சொல்லுங்கள் என்பதற்கு. ஏ1 முதல் வகுப்பிலேயே வரும்.

என் அண்ணன் டாக்டர். அவருக்கும் பி2 போதுமா?

போதாது. பொது ஜெர்மனில் பி2-வோடு, மருத்துவ ஜெர்மனில் சி1 அளவில் மருத்துவர் சங்கம் நடத்தும் தனித் தேர்வும் உண்டு. பொதுவாக ஒரு மணி நேரம், இருபது இருபது நிமிடமாக மூன்று கட்டம்: நோயாளியோடு பேசுவது, அதை எழுதுவது, இன்னொரு டாக்டரிடம் விவரிப்பது. நோயாளியிடம் வீட்டுச் சொல், டாக்டரிடம் லத்தீன் சொல். இரண்டையும் மாற்றி மாற்றிப் பேச வேண்டும்.

கணவரும் ஜெர்மன் படிக்க வேண்டுமா?

துணையாக வருகிறவர்களுக்குப் பொதுவாக ஏ1 கேட்பார்கள். ப்ளூ கார்டு, அதாவது உயர்கல்வி படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான வசிப்பு அனுமதி, வைத்திருப்பவரின் துணைக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஷிஃப்டில் இருக்கும்போது குழந்தையின் கிண்டர்கார்டனிலிருந்து வரும் போனை அவர்தான் எடுக்க வேண்டும். குழந்தைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒரு வருடத்தில் உங்கள் உச்சரிப்பைத் திருத்துவார்கள்.

நிரந்தரமாக இருக்க மறுபடியும் தேர்வா?

பி2 வைத்திருக்கும் நர்ஸுக்கு மொழித் தேர்வு மறுபடியும் இருக்காது. அங்கீகாரம் பெற்ற பணியாளருக்குப் பொதுவாக மூன்று வருடத்தில் நிரந்தர வசிப்புரிமை, ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பம். இரண்டுக்கும் மொழியில் பி1 போதும், மற்ற நிபந்தனைகள் தனி. ப்ளூ கார்டுக்காரர்களுக்கு பி1 இருந்தால் 21 மாதம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஐ.டி.யில் இருக்கும் தம்பிகளே, இது உங்களுக்கும்தான்.

ஏஜென்சி மொழிப் பயிற்சிக்கு மூன்று லட்சம் கேட்கிறது. கொடுக்கலாமா?

இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடித் தருவதற்கு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதைத் தாண்ட மொழி வகுப்பு என்ற பெயரில் வாங்குவது ஒரு வழக்கம். ஜெர்மனியில் நேர்மையான ஆள்சேர்ப்புக்கு அரசு முத்திரை ஒன்று 2022 முதல் இருக்கிறது. அந்த முத்திரை உள்ளவர்கள் நர்ஸிடம் காசு வாங்கக்கூடாது, செலவு முதலாளியுடையது. ஒப்பந்தத்தில் "இடையில் நின்றால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தொகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சான்றிதழையே "ஏற்பாடு" பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். கோதே சான்றிதழை ஆன்லைனில் சரிபார்க்க முடியும். அப்படியே தப்பித்து வந்தாலும் முதல் ஊபர்காபெயில் மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்கு 38 வயது. இனிமேல் வருமா?

வரும். என் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவர் 41 வயது அக்கா, இரண்டு பிள்ளைகள். சின்னப் பெண்கள் தேர்வுக்கு முந்தின வாரம் படித்தார்கள், அவர் தினம் சமைத்துக்கொண்டே ஒலிப்பதிவு கேட்டார்.

அங்கே தமிழ் பேச ஆள் இருப்பார்களா?

நிறைய. எண்பதுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் பல நகரங்களில் வேரூன்றிவிட்டார்கள். ஹாம் நகரத்தில் 2002-இல் குடமுழுக்கு நடந்த பெரிய காமாட்சி அம்மன் கோவிலே இருக்கிறது. நான் ஒரு தடவை தேர் பார்க்கப் போனேன். அங்கே ஒரு அம்மா என் தமிழைக் கேட்டு "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டு, அலுவலகக் கடிதங்களை எப்படி வாசிப்பது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம். ஆனால் வீடு எடுக்கும்போது நாலு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து எடுக்காதீர்கள். நான் அப்படி எடுத்தேன், முதல் வருடம் என் ஜெர்மன் ஷிஃப்ட் முடிந்ததும் முடிந்துவிடும்.

கிளம்பும்போது மொழிக்காக என்ன எடுத்து வர வேண்டும்?

சட்டைப்பைக்குள் அடங்குகிற நோட்டு இரண்டு. நாலு நிற பேனா ஒன்று. சான்றிதழின் அசலும், நோட்டரி கையெழுத்துப் போட்ட நகல்களும், கைப்பையில், பெட்டியில் இல்லை. அந்தத் தடிமனான இலக்கணப் புத்தகத்தை விட்டுவிட்டு வாருங்கள், இங்கே நூலகத்தில் இருக்கிறது. அந்த எடைக்கு இட்லி அரிசி கொண்டுவரலாம்.